அருவிக்கு முன்னால் அம்மா

அன்று காலை அந்தக் கடைக்குள் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது பாதி ஊர் தானும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறது. நான் இருந்தேன். என் தங்கை இருந்தாள். என் தம்பி மகன், ஊரெல்லாம் சுருட்டை என்று கூப்பிடுகிறவன், கேமராவுக்குப் பின்னால் நின்றான். அவன் மனைவி உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு நின்றாள். கப்பலில் வந்த ஒரு பெண்ணும் அவளுடைய கணவனும் இருந்தார்கள். வேறு யாரும் இல்லை. வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. சாட்சி வேண்டுமென்றால் அதைக் கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

நான் துறைமுகச் சுங்கத்தில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளைத் திறந்து காட்டச் சொல்வது என் வேலை. விரலை மடித்துப் பெட்டியின் அடியில் தட்டினால், அதற்குக் கீழே இன்னொரு அடித்தட்டு ஒளிந்திருக்கிறதா என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். ஒருவரும் என்னை ஏமாற்றியதில்லை. ஊரில் என்னைச் சுங்கத்தார் என்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் வயதில் இருந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

என் வீட்டுக் கூடத்தில் அம்மாவின் படம் மாட்டியிருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பு எடுத்தது. கழுத்து வரை மூடிய வெள்ளை மேல்சட்டை. தோளில் உப்பி, முழங்கைக்குக் கீழே இறுகி, மணிக்கட்டில் லேஸாக முடியும் கை. முன்பக்கம் கழுத்திலிருந்து இடுப்பு வரை சிப்பிப் பொத்தான்கள் ஒரே வரிசையாக இறங்கும். கீழே தரையைத் தொடும் பட்டுப் பாவாடை. படத்தில் நிறம் தெரியாது, அது கரும்பச்சை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்குப் பின்னால் அருவி விழுகிறது. இந்தத் தீவில் கால் வைக்கிற எவனும் பார்க்காமல் போகாத அதே அருவிதான். அதன் அடியில் குறுக்காக ஒரு கோடு ஓடும். பாறையின் விளிம்பு என்று சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய கோடு. அம்மா சிரிக்கவில்லை. முகத்தை நிமிர்த்தி, பார்க்கிறவனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வதைப் போலப் பார்ப்பாள்.

அந்தக் காலத்தில் இந்தத் தீவின் மற்றப் பெண்கள் இடுப்பில் ஒரு துணியும் மார்பில் ஒரு துணியுமாகச் சுற்றிக்கொண்டு மீன் கூடை சுமந்தார்கள். கழுத்து வரை மூடி, கை வரை லேஸ் வைத்து உடுத்தியவர்கள் தோட்டத்துப் பெரிய வீடுகளில்தான் இருந்தார்கள். அம்மா அப்படி ஒரு வீட்டுப் பெண். படகுப் பட்டறையில் வேலை பார்த்த அப்பாவை விரும்பிக் கட்டிக்கொண்டதால், இந்த ஒரு உடையோடு அந்த வீட்டை விட்டு வந்தவள். இதை என் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறேன். சம்பந்தம் பேச வந்தவர்களை நேராகப் படத்துக்கு எதிரே உட்கார வைத்திருக்கிறேன். என் தங்கைக்கு வந்த வரன்களில் ஒருவன் படம் பிடிக்கும் கடை வைத்திருந்தான். அந்தப் படத்தைக் காட்டி, இந்த வீட்டுப் பெண்ணை உனக்கு எப்படிக் கொடுப்பது என்று நீயே சொல் என்றேன். அவன் எழுந்து போய்விட்டான். பிறகு தங்கையை நல்ல இடத்தில்தான் கொடுத்தேன். கணவர் காலமான பிறகு அவள் என் தம்பி வீட்டில் இருக்கிறாள். அம்மாவின் பெட்டியும் அங்கேதான் இருந்தது. பெண்களின் துணிப் பெட்டியை ஆண்கள் திறப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. ஊரான் பெட்டியை எல்லாம் திறந்தேன், அதை மட்டும் திறக்கவில்லை.

அந்த உடையை நான் மறுபடி பார்த்தது ஒரு பேருந்தின் பக்கவாட்டில்.

கப்பல் வரும் நாட்களில் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு கலங்கரை விளக்கத்துக்கும் அருவிக்கும் போய்வரும் பேருந்து அது. காலை நடைக்குப் போன என்னைக் கடந்து, திருப்பத்தில் நின்றது. அதன் வயிறு முழுவதும் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தி நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்கிறாள். ஒரு கால் அட்டைப் பாறைமேல். பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறாள். பழங்காலச் சீமாட்டியாகப் படம் எடுத்துக்கொள்ள வாருங்கள் என்று கீழே மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. சட்டை எல்லாம் சட்டைதான் என்று கடந்து போயிருப்பேன். ஆனால் இடது மணிக்கட்டு லேஸில் ஓர் இலை வடிவத்தில் தையல் போட்டு அடைத்த இடம் இருந்தது. கூடத்துப் படத்தில் நான் தினமும் பார்க்கிற இலை. துப்ப வேண்டும் போல வாயில் எச்சில் ஊறியது. தெருவில் துப்புகிற பழக்கம் எனக்கு இல்லை. விழுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சலவை செய்து வைத்திருந்த வெள்ளை விரிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டேன். அந்த உடையைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவில் வர முடியாது. சுற்றிக் கொண்டுவரத் துணி வேண்டும்.

படகுத்துறைக்கு இறங்கும் சாலை ஒரு காலத்தில் மனிதர்கள் நடக்கிற சாலையாக இருந்தது. கப்பல் வந்து நிற்கும் நாளில் அங்கே மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் நடக்க முடியாது. வெயிலுக்குப் பூசிக்கொள்ளும் களிம்பின் வாடையும், பொரித்த எண்ணெயின் வாடையும், டீசல் புகையும் ஒன்றாகக் கலந்து முகத்தில் ஈரத்துணி மாதிரி ஒட்டும். ஆமைக்குளத்தில் ஆமைகளைவிட பிளாஸ்டிக் மூடிகள்தான் அதிகமாக மிதந்தன. ஒருவன் அரைக்கால் சட்டையோடு ஓர் ஆமையின் முதுகில் கால் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி என்று நினைக்கிறேன், கைக்குட்டை அளவுத் துணியைக் கட்டிக்கொண்டு பழம் தின்று கொட்டையைக் குளத்தில் துப்பினாள். தோல் உரிந்து சிவந்த முதுகுகள், வேகவைத்துத் தோலுரித்த கிழங்குகளைப் போல. என்னைப் பார்த்து ஒருவர் வணக்கம் சொல்லி, தன் கேமராவை நீட்டி, தன்னைப் படம் எடுக்கச் சொன்னார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

சுருட்டையின் கடை துறைக்கு எதிரே, பழைய கயிற்றுக் கிடங்கில் இருந்தது. அவன் படக்கடை வைத்திருப்பது எனக்குத் தெரியும். அடையாள அட்டைக்கும் கல்யாணத்துக்கும் எடுக்கிறான் என்று நினைத்திருந்தேன். உள்ளே ஒரு சுவர் முழுவதும் துணி தொங்கியது. அதில் அருவி, தென்னை மரங்கள், தூரத்தில் கலங்கரை விளக்கம் எல்லாவற்றையும் அச்சடித்திருந்தார்கள். உண்மையான இடத்தில் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கவே முடியாது. அருவி இருப்பது மலைக்கு அந்தப் பக்கம். ஒரு கம்பியில் பாவாடைகளும் குட்டைச் சட்டைகளும் தொங்கின. தையல் கடையில் புதிதாகத் தைத்தவை. மூலையில் ஒரு நாற்காலியில் என் தங்கை உட்கார்ந்து, மடியில் ஒரு பாவாடையை விரித்து மணலை உதறிக்கொண்டிருந்தாள். அவள் அங்கே இருப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கப்பல்காரி அருவித் துணிக்கு முன்னால் என்னைப் பார்த்து நின்றாள். அம்மாவின் மேல்சட்டை அவள்மேல் இருந்தது, கீழே புதிதாகத் தைத்த பாவாடை ஒன்று. கழுத்துப் பட்டியில் அவள் பூசியிருந்த களிம்பு பழுப்பாக இறங்கியிருந்தது. கழுத்தோரத்தில் யாருடையதோ உதட்டுச்சாயம், அது இவளுடையதுகூட இல்லை, நிறம் வேறு. அக்குளில் ஈரம் வட்டமாகப் பரவியிருந்தது. நான் பார்க்கப் பார்க்க அந்த வட்டம் பெரிதானது. கையை ஓங்காமல் இருக்க விரிப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"வாங்க பெரியப்பா," என்றான் சுருட்டை. அவன் முகம் வெளுத்துவிட்டது. "உக்காருங்க. இந்த ஒரு படம் எடுத்துட்டு வந்துர்றேன்."

"கழட்டச் சொல்லு."

"பெரியப்பா, கப்பல் கிளம்பப் போகுது, அவங்க..."

"யாரைக் கேட்டு எடுத்த?"

"அத்தைதான் குடுத்தாங்க."

தங்கை உதறுவதை நிறுத்தவில்லை. "ஆமா, நான்தான் குடுத்தேன். பெட்டிக்குள்ள பூச்சிக்குப் பந்தி வெச்சிட்டிருந்தேன். இவன் கேட்டான், குடுத்தேன்."

"நம்ம அம்மா உடுத்தின துணி அது. கண்டவ வேர்வையெல்லாம் அதுல..."

"அம்மாவுக்கு வேர்க்காதாக்கும். பன்னீர் வடிஞ்சுதா?"

சுருட்டையின் மனைவி வாயிலிருந்த ஊசியோடு சிரித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். கப்பல்காரிக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. என்னையும் கடையின் ஓர் ஆள் என்று நினைத்தாளோ என்னவோ, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, உடை எப்படி என்று காட்ட மெதுவாகச் சுற்றினாள்.

சட்டைக்கு முதுகு இல்லை.

கழுத்திலிருந்து இடுப்பு வரை நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் விலகி நின்றது. நடுவில் நாலு நாடாக்கள் தொங்கின. பிளவின் வழியே அவளுடைய நீச்சல் உடையின் பட்டையும், வெயிலில் வெந்து பொடிப்பொடியாக உரியும் தோலும், அதில் ஒட்டியிருந்த கடல் மணலும் தெரிந்தன. என் வாழ்நாளில் நான் அவ்வளவு அருவருப்பான ஒன்றைப் பார்த்ததில்லை. முன்பக்கம் அம்மா, பின்பக்கம் இது.

"வெட்டிட்டியா?" என்று சுருட்டையின் மனைவியைக் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "கண்டவ உடம்புக்கும் பத்தணும்னு கத்தரி வெச்சுட்டியா?"

"ஐயோ, சத்தியமா இல்ல பெரிய மாமா." அவள் ஊசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "ஒரு நூலைக்கூட நான் பிரிக்கல. எடுக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு. நீங்களே பாருங்க."

பார்த்தேன். பார்ப்பதுதானே என் தொழில். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த முதுகிலிருந்து மூச்சை விலக்கிக்கொண்டு, ஓரத்தை மட்டும் பார்த்தேன். பிளவின் ஓரம் மடித்துத் தைத்திருந்தது. அந்தத் தையலும் சட்டைக் கையின் தையலும் ஒரே ஆள் போட்டவை. நூல் துணியோடு சேர்ந்து பழுத்திருந்தது. புது நூல் அப்படிப் பழுக்காது. நாடா தைத்த இடம் இழுபட்டு இழுபட்டுத் துணி நைந்திருந்தது. நைந்த இடத்தில் ஒட்டுப்போட்டு, அந்த ஒட்டும் நைந்திருந்தது. இப்போது தொடங்கிய கடையில் அவ்வளவு நைய முடியாது. பிறகு முன்பக்கம் வந்து பொத்தான்களைப் பார்த்தேன். ஒன்றுக்கும் துளை இல்லை. துணிமேல் வைத்துத் தைத்துவிட்ட பொத்தான்கள். ஒருபோதும் திறக்காதவை.

அடித்தட்டு.

நிமிர்ந்தபோது அவளுக்குப் பின்னால் தொங்கிய அருவி கண்ணில் பட்டது. அது தரையைத் தொடும் இடத்தில், துணி மடங்கி, குறுக்கே ஒரு கோடு ஓடியது.

"அண்ணா," என்றாள் தங்கை. இப்போது அவள் பாவாடையை மடித்து வைத்துவிட்டாள். "நான் ஒண்ணு கேக்குறேன். அருவிக்கு அவ்வளவு பக்கத்துல நின்னா சட்டை நனையாதா? ஒத்தை முடிகூடப் பறக்கலையே அம்மாவுக்கு. நீ இத்தனை வருஷம் தினமும் பாக்குற. ஒரு நாளாவது தோணலையா?"

நான் கண்ணாடியைக் கழற்றி மடித்தேன்.

"இந்தத் துறையில அப்பவும் ஒரு படக்கடை இருந்துச்சு. கப்பல்ல வர்ற துரைசானிங்களுக்குச் சட்டை மாட்டிவிட்டு, பின்னால நின்னு நாடா கட்டுறது அம்மாவோட வேலை. குண்டு, ஒல்லி எல்லாருக்கும் ஒரே சட்டை. அதுக்குத்தான் பின்பக்கம் தொறந்து வெச்சது. கடைக்காரர் ஒரு நாள் அம்மாவையே நிக்க வெச்சு எடுத்தார். தீவுச் சீமாட்டின்னு போட்டு அட்டையில அச்சடிச்சு வித்தார். கடையை மூடிட்டுப் போறப்ப சட்டையையும் அந்தப் படத்தையும் அம்மாகிட்டயே குடுத்துட்டுப் போனார்."

"உனக்கு யார் சொன்னது?"

"அம்மாதான். வேற யாரு சொல்லுவா?"

"என்கிட்ட அம்மா அப்படிச் சொல்லல. பெரிய வீடுன்னு..."

"அம்மா சொல்லல அண்ணா. நீ சொன்ன. பள்ளிக்கூடத்துல எவனோ மீன்காரி மகன்னு சொல்லிட்டான்னு அழுதுட்டு வந்து, படத்தைக் காட்டி, எங்கம்மா பெரிய வீடுன்னு நீயே சொல்லிக்கிட்ட. அம்மா இல்லேன்னு சொல்லல. அவ்வளவுதான். பையன் நிமிந்து நடக்குறான், நடக்கட்டும்னு சொன்னா. நீயும் நிமிந்தவன் இன்னும் குனியல."

சுருட்டை ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி அடக்கினாள். எனக்கு அப்போது கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குமட்டல்தான் இருந்தது. அது யார்மேல் என்று பிரித்துப் பார்க்க எனக்கு நேரமில்லை, விருப்பமும் இல்லை. முகம் தெரியாத துரைசானிகளின் முதுகுகள் வரிசையாக வந்தன. வெயிலில் வெந்தவை, பவுடர் பூசியவை, மயிர் முளைத்தவை. ஒவ்வொன்றின் பின்னாலும் மூச்சை விலக்கிக்கொண்டு நிற்கிற ஒருத்தி. கூடத்துப் படத்தில் அவள் பார்க்கிற பார்வை அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. பெரிய வீட்டுப் பெருமை என்று நினைத்திருந்தேன். இல்லை, அதே குமட்டல்தான். என் முகத்தில் இருப்பதும் அதுதான், எல்லாரும் சொல்வார்கள், அம்மா முகம் அப்படியே உனக்கு என்று.

துறையில் கப்பல் ஊதியது. கப்பல்காரியின் கணவன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னான். அவள் கைகள் இரண்டையும் சற்று விலக்கி, ஒரு குழந்தை சட்டை போட்டுக்கொள்ள நிற்பது போல, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சுருட்டையின் மனைவி நாடாவை எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். முடிச்சு நழுவி நழுவிப் போனது. "நீங்க கட்டுங்களேன் அத்தை," என்றாள். தங்கை விரல்களைத் தூக்கிக் காட்டினாள். மூட்டு வீங்கி, ஒன்றும் மடங்காது.

"அப்ப கழட்டிடலாமா பெரியப்பா?" என்று சுருட்டை மெல்லக் கேட்டான். "நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க. இனிமே தொட மாட்டேன்."

கழற்றச் சொன்னேன். சுருட்டை தனக்குத் தெரிந்த பாஷையில் சொல்ல, அவள் ஒன்றும் புரியாமல் சுருட்டையின் மனைவியோடு மறைப்புக்குப் பின்னால் போய்க் கழற்றி, சட்டையை நீட்டினாள். என் கைக்கு வந்தது. ஈரமாக, கனமாக, களிம்பு வாடையோடு இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது என்று யோசித்தேன். துவைத்து மடித்துப் பெட்டியில் வைக்கலாம். வைத்தால் அதற்குப் பின்பக்கம் இல்லை என்பது எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

சட்டையையும், கொண்டுவந்திருந்த வெள்ளை விரிப்பையும் மறைப்புக்கு மேலாகச் சுருட்டையின் மனைவியிடம் கொடுத்தேன். "முதல்ல அந்த முதுகுல இருக்கிற மண்ணைத் தொடைக்கச் சொல்லு. விரிப்பை அக்குள்லேருந்து இறுக்கிச் சுத்திவிடு. அதுக்கு மேல சட்டையைப் போடட்டும். வர்றவ எவளா இருந்தாலும் இனிமே அப்படித்தான். வெறும் உடம்புல அம்மா சட்டை படக்கூடாது."

"சரி பெரிய மாமா."

"அந்தப் பேருந்துல இருக்கிற குரங்கை இன்னைக்கே கிழிச்சு எடுத்துரு."

"எடுத்துர்றேன் பெரியப்பா," என்றான் சுருட்டை.

"கண்ணாடி போடக்கூடாது. நாக்கை நீட்டக்கூடாது. பாவாடை தரையைத் தொடணும்."

"சுங்கம் மறுபடி தொறந்தாச்சு," என்றாள் தங்கை.

கப்பல்காரி வெளியே வந்து பழையபடி திரும்பி நின்றாள். விரிப்பின் வெள்ளைக்கு மேல் சட்டையின் பழுப்பு விலகி நின்றது. சுருட்டையின் மனைவி இரண்டு முறை முயன்றாள். முடிச்சு மறுபடியும் நழுவியது. நான் விரிப்பையும் தோளையும் தொடாமல், நாடாக்களின் நுனியை மட்டும் பிடித்தேன். சிறு வயதில் என் சட்டை நாடாவை அம்மா கட்டிவிடுகிற ஒரு முடிச்சு உண்டு. ஒரு கண்ணியைப் போட்டு, இன்னொரு நுனியை மடித்து அதற்குள் நுழைத்து இறுக்குவாள். நாள் முழுக்க நழுவாது, ஒரே இழுப்பில் அவிழும். சுங்கத்தில் சோதனை முடிந்த பொட்டலங்களை எல்லாம் நான் அப்படித்தான் கட்டினேன். பையன்கள் அதைச் சுங்கத்தார் முடிச்சு என்பார்கள். அது எங்கே கற்ற முடிச்சு என்று யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கினேன். அவள் முடியிலிருந்து உப்பு வாடை அடித்தது. மூச்சை விலக்கிக்கொண்டேன். கடைசி நாடாவை இறுக்கியதும் முதுகு மூடிக்கொண்டது. அவள் அருவிக்கு முன்னால் போய் நின்று, முகத்தை நிமிர்த்தினாள். சுருட்டை படம் எடுத்தான்.

வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மாலை வரை களிம்பு வாடை போகவில்லை.

கப்பலில் வந்த பெண்ணின் முதுகிலிருந்து அம்மாவின் சட்டையைச் சுங்கத்தார் பிடுங்கி எடுத்தார், அதில் சட்டை கிழிந்துபோயிற்று என்று படகுத்துறையில் ஒரு பேச்சு இருக்கிறது. நான் பிடுங்கவில்லை. அது கிழியவும் இல்லை. நாடா நான்தான் கட்டினேன்.